பாடுகளின் நடுவே விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சபையில், நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற குழுவில் 18 வருடமாக இருக்கிறேன். நான் குருவானவர் இல்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. கீழே உள்ள கேள்விகள் வேதபாட வகுப்பில் கேட்கப்பட்டவை அல்ல. ஐ.சி.யு. வாசல் பெஞ்சில், டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது, அடக்கம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டவை. அந்த இடத்தில் நான் உளறியதும் உண்டு. அப்புறம் வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டி, இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

நான் செய்த ஏதோ ஒரு பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையா?

முதலில் வருவது இந்தக் கேள்விதான். பெரும்பாலும் கூட வந்தவர்கள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைப் பார்த்து சீஷர்களும் இதையேதான் கேட்டார்கள். பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு (யோவான் 9:3). இன்னொரு சமயம், எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போயிருந்தார்கள். செத்தவர்கள் ஊரில் உள்ள மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). அதே வசனத்தில் மனந்திரும்பவும் சொல்கிறார், உண்மைதான். ஆனால் அதைச் சொல்வது செத்தவர்களைப் பற்றி அல்ல, சுற்றி நின்று கதை கேட்டவர்களைப் பார்த்து.

செய்ததற்கு விளைவே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இருபது வருடம் குடித்தால் ஈரல் கெடும். அதில் மர்மம் ஒன்றும் இல்லை, குடித்தவருக்கும் அது தெரியும். நான் சொல்வது, ஆறு வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபிறகு தன் கல்லூரி நாட்களை ஒவ்வொன்றாகத் தோண்டித் தேடும் தாயைப் பற்றி.

அடுத்து, பரம்பரைச் சாபம். "மூன்றாம் நான்காம் தலைமுறை" என்ற யாத்திராகம வசனத்தைச் சில மேடைகளில் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். எசேக்கியேல் 18-ஐ வாசித்துப் பாருங்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்றொரு பழமொழி ஜனங்கள் வாயில் இருந்தது. அதை இனிச் சொல்லவே கூடாது என்று கர்த்தர் அங்கே தடுக்கிறார். சாபம் முறிக்கும் விசேஷ ஜெபத்துக்குக் காணிக்கைக் கவர் நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்டவர்மேல் கோபம் வருகிறது. இது பாவமா?

கோபத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்குத் தண்டனை கிடைத்ததே என்று கேட்பீர்கள். சரி, 106-ஆம் சங்கீதம் சொல்வதைக் கவனியுங்கள்: அவர்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் குறை பேசினார்கள். தாவீதும் குறைதான் பேசினான், ஆனால் அவரிடமே போய்ப் பேசினான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அது முறுமுறுப்பு, இது முறையீடு. கேட்கிற அதிகாரம் உள்ளவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தான் முறையிடுவான்.

88-ஆம் சங்கீதத்தைச் சபையில் வாசித்து நான் கேட்டதே இல்லை. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஸ்தோத்திரத்தில் போய் முடியும். இது முடியாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. யாரோ ஒருவர் இதையும் ஜெபம் என்று எடுத்துவைத்திருக்கிறார். பொருத்தமான ஆறுதல் வரி ஒன்றை அதன் வாலில் ஒட்டவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒன்றாக இழந்த யோபையும் பாருங்கள். "யோபின் பொறுமை" என்று நாம் பேசுவதெல்லாம் முதல் இரண்டு அதிகாரங்களை வைத்துத்தான். புத்தகத்தில் 42 அதிகாரங்கள் உண்டு. மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபித்துவிட்டு, பிறகு கர்த்தரோடு வழக்காட வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறான். அவனுடைய நண்பர்களோ கடைசிவரை கர்த்தரின் கட்சி. முடிவில் கர்த்தர் அந்த நண்பர்களிடம் என்ன சொன்னார்? என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார் (42:7). இத்தனை வருடம் கழித்து வாசித்தாலும் இந்த வசனம் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

விசுவாசம் போதாததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்கிறார்கள். அப்படியா?

அப்படிச் சொல்கிறவர்களிடம் துரோப்பீமுவைப் பற்றிக் கேளுங்கள். பவுலின் ஊழியக்காரர்களில் ஒருவர். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய பவுல். அவருக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது போகவில்லை. கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" (2 கொரிந்தியர் 12:9). நாம் இதை அழகாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பவுலைப் பொறுத்தவரை, கேட்டது கிடைக்காது என்ற பதில்தான் அது.

விசுவாசம் என்ற சொல்லையே சற்று யோசிக்கலாம். பேச்சுத் தமிழில் விசுவாசமான ஆள் என்றால் யார்? விட்டுப் போகாதவன். முதலாளி நொடித்துப்போன பிறகும் கூடவே நிற்கிறவன். அவனுக்கு முதலாளிமேல் வருத்தமே இருக்காது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் சபைக்குள் வந்ததும் அதே சொல்லை நாம் மனபலத்துக்கான அளவுகோலாக மாற்றிவிட்டோம். இவ்வளவு டிகிரி ஏறினால் அற்புதம், இறங்கினால் இல்லை என்பது போல. மாற்கு 9-இல் பிள்ளைக்காக வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். பாதியும் பாதியுமான விசுவாசம். பிள்ளை சுகமானான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தோனாவூரைத் தெரியும். கைவிடப்பட்ட பெண் குழந்தைகளை அங்கே வைத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருடம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். வேண்டிக்கொள்ள ஆள் இல்லாமலா? ஒரு வளாகம் முழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று அந்த ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. எசேக்கியா ராஜாவுக்குச் சாவு நெருங்கியபோது, 15 வருடம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அப்படியும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். வாக்குத்தத்தமும் உண்டு, பற்றும் உண்டு. பவுல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் அழைக்கிறார். இன்சுலினை நிறுத்திவிட்டு உபவாசம் இருந்து, சர்க்கரை ஏறி, நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். உபவாசம் இருக்க வேண்டுமென்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்றால், நடந்தது நல்லது என்று அர்த்தமா?

ரோமர் 8:28 அப்படிச் சொல்லவில்லை. சகலமும் நல்லது என்பது வேறு, சகலத்தையும் வைத்து ஆண்டவர் நன்மையை உண்டாக்குவார் என்பது வேறு.

இதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம், அண்ணன்மார் குழியில் போட்டு விற்றுவிட்ட யோசேப்பு. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ" அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று அண்ணன்மாரிடம் சொல்கிறான். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தீமையை அவன் தீமை என்றே சொல்கிறான், பூசி மெழுகவில்லை. மற்றது, எப்போது சொல்கிறான் என்பது. அவன் 17 வயதில் விற்கப்பட்டான். 30 வயதில் பார்வோன் முன்னால் நின்றான். ஏழு வருடம் செழிப்பு, இரண்டு வருடம் பஞ்சம் கழித்துத் தகப்பன் யாக்கோபு எகிப்துக்கு வந்தார், அங்கே 17 வருடம் வாழ்ந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு. கூட்டிப் பார்த்தால் யோசேப்புக்கு 56 வயது. குழியில் போட்டு 39 வருடம் ஆகிவிட்டது. சொன்னதும் அடிபட்டவனே தவிர, குழிக்கு மேலே நின்று எட்டிப் பார்த்த யாரோ ஒருவர் அல்ல. இறந்து மூன்றாம் நாளில், அடுத்தவர் வீட்டில் இந்த வசனத்தை எடுக்கத் துடிக்கிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார், இல்லையா?

திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடார் என்று 1 கொரிந்தியர் 10:13-இல் இருக்கிறது. அந்த அதிகாரம் பேசுவது விக்கிரக ஆராதனை, வேசித்தனம் போன்ற இச்சைகளில் விழுவதைப் பற்றி. துக்கத்தைப் பற்றியல்ல. தமிழில் பரீட்சைக்கும் இச்சைக்கும் கஷ்டத்துக்கும் சோதனை என்ற ஒரே சொல் இருப்பதால் வரும் குழப்பம் இது. துக்கத்தைப் பற்றி அதே பவுல் அதே கொரிந்தியருக்கு எழுதியது வேறு: "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரம், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). ஆக, தாங்க முடியவில்லை என்று சொல்ல உங்களுக்கு அப்போஸ்தலரின் அனுமதி இருக்கிறது.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பொய்யாகிவிட்டதே?

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அட்டைதானே? அதிகம் பேருக்கு வருவது எரேமியா 29:11-தான். அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் போடமாட்டார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. விடுதலைக்கு 70 வருடம் ஆகும் என்கிறது அந்த வசனம். கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். அட்டை எடுப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். அந்த வருடத்துக்கான ஒப்பந்தப் பத்திரம் போல அதை நினைக்காமல் இருந்தால் சரி.

ஏன் சிலரைக் காப்பாற்றுகிறார், சிலரை விட்டுவிடுகிறார்?

தெரியாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பவர்களிடம் எனக்குச் சற்றுப் பயமும் உண்டு.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதை அற்புதம் என்று நாம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அந்தக் காலையில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் அதே மாதாவிடம் வேண்டுதல் வைத்து வந்தவர்கள்தானே? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தப்பித்தவர் சாட்சி சொல்லட்டும், அது அவருடைய உரிமை. ஆனால் அதே அறையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருக்கலாம் என்பதை மறக்காமல் சொல்லட்டும்.

வேதம் இந்த முரணை ஒளித்துவைக்கவில்லை. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், இரண்டாம் வசனத்தில் ஏரோது யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். சில வசனங்கள் தள்ளி, பேதுருவைச் சிறையிலிருந்து தேவதூதன் வெளியே கூட்டிவருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா. யாக்கோபின் வீட்டில் அந்த வாரம் பேதுருவின் சாட்சியை எப்படிக் கேட்டிருப்பார்கள்? லூக்கா எழுதவில்லை. எபிரெயர் 11-லும் அப்படித்தான். விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்கிறது 34-ஆம் வசனம். விசுவாசத்தில் ஒரு குறையும் சொல்லப்படாத வேறு சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள் என்கிறது 37-ஆம் வசனம். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில்.

சிலையை வணங்க மறுத்து, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, அடுத்து ஒரு சொல் சேர்த்தார்கள்: "விடுவிக்காமற்போனாலும்". விசுவாசம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஊர்களில் கோயிலில் ஜெபமாலையும் நடந்தது. டிசம்பரில் அதே ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடும் கப்பலை அனுப்பு என்றும் கேட்டார்கள். ஜெபிக்கிறவர்கள் ஏன் ரயிலை மறிக்க வேண்டும் என்று அப்போது சிலர் கேட்டார்கள். முறையிடத் தெரிந்தவர்களுக்கு எந்த முறையீட்டை எந்த வாசலில் வைப்பது என்றும் தெரிந்திருந்தது.

ஜெபிக்கவே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? கேலி இல்லை. எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட ஒரு அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எழுந்து சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சுவார்த்தை எல்லாம் 40 நாள் கழித்து, ஓரேப் மலையில்.

சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்களுக்காக ஜெபிக்கும்படி ஒருவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வருகிறதென்றால், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவதும் அந்த அடையைச் சாப்பிடுவதுபோலத்தான்.

துக்க வீட்டில் என்ன பேசுவது?

யோபின் நண்பர்கள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று அவனிடம் பெயர் வாங்கினார்கள்.

"ஆண்டவர் தோட்டத்துக்கு நல்ல பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறித்துக்கொள்கிற ஆண்டவரிடம் அந்தத் தாய் நாளைக்கு எப்படி ஜெபிப்பாள்? "அழாதே, பரலோகத்தில் பார்க்கலாம்" என்பதும் வேண்டாம். பரலோகம் இல்லை என்றா சொல்கிறேன்? லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கை இருந்தால் அழக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

பேசத் தெரியாவிட்டால் கை வேலை இருக்கிறது. கஞ்சி வைத்துக் கொண்டுபோகலாம். குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கலாம். வந்த சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிடலாம். இறப்புச் சான்றிதழுக்கு அலையலாம், அது பெரிய உதவி. அப்புறம், அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள். அதற்குள் எல்லாரும் போயிருப்பார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். என் அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில், அவர் எப்படிச் சைக்கிள் மிதிப்பார் என்று நடித்துக் காட்டிய ஒரு பெரியப்பாவைத்தான் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

யோபுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. எனக்கும் கிடைக்குமா?

இழந்த ஆடுகள் 7,000, கிடைத்தது 14,000. ஒட்டகம் 3,000, கிடைத்தது 6,000. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகளுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. ஏழு மகன், மூன்று மகள் இறந்தார்கள், மறுபடி ஏழு மகன், மூன்று மகள்தான். முதல் பத்துப் பேரும் ஆண்டவரிடத்தில் இருப்பதால் அதுவும் இரட்டிப்புத்தான் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். இருக்கலாம். எனக்குப் படுவது, பிள்ளைக்குப் பதில் பிள்ளை கிடையாது என்று கதை சொன்னவருக்குத் தெரிந்திருந்தது. செழிப்போடு வாழ்ந்த அந்தக் கிழவனுக்கு, எண்ணினால் பத்துக் கல்லறைகள் மிச்சம் இருந்தன.

இன்னொன்று. பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பேச்சு நமக்குத் தெரியும். யோபுக்குக் கடைசிவரை அதை யாரும் சொல்லவில்லை. காரணம் தெரியாமலேயே அவன் செத்தான். உங்களுக்கு இரட்டிப்பு கிடைக்குமா என்று நான் எப்படிச் சொல்வேன்?

எதை முதலில் வாசிப்பது?

13-ஆம் சங்கீதம். ஆறே வசனம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதே முடித்துவிடலாம். பிறகு மாற்கு 14, 15 அதிகாரங்கள். இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கெத்செமனேயில் இயேசு கேட்பதும், சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்துவதும் அங்கே இருக்கின்றன. அவர் கத்தியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவரும் கடன்தான் வாங்கினார். யோபைக் கொஞ்சம் தேறிய பிறகு எடுங்கள். நண்பர்களின் பேச்சு நீளம், அலுப்புத்தட்டும். அலுத்தால் 38-ஆம் அதிகாரத்துக்குத் தாவுங்கள், தப்பில்லை.